குச்சி ஆட்டுவதற்கும் ஒரு படிப்பா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பக்கத்து இலைக்காரர், "உங்க சின்னப் பொண்ணு இப்ப என்ன பண்றா சார்?" என்று கேட்டார். "கண்டக்டிங்கில் மேற்படிப்புக்கு அமெரிக்கா போக முயற்சி செய்கிறாள்" என்றேன். "கண்டக்டர் வேலைக்கு அமெரிக்கா எதுக்கு சார்? நம்ம ஜபல்பூர் பஸ் போதாதா?" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரை என் கூடவே வந்தது.

ஏனென்றால், இரண்டு வருடங்களுக்கு முன் அவள் இதை முதன்முதலாகச் சொன்னபோது நானும் அப்படித்தான் பேசினேன். "குச்சி ஆட்டுவதற்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. இன்று என் கருத்து மாறியிருக்கிறது. பிள்ளைகளை வைத்திருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

நம் கச்சேரியில் இப்படி ஓர் ஆளே கிடையாது. பாடகர் தொடையில் தாளம் போடுவார். வயலினும் மிருதங்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நாதஸ்வர கோஷ்டியில் பெரியவரின் கண் ஜாடை போதும். ஆனால் மேலை நாட்டு ஆர்கெஸ்ட்ராவில் எண்பது, நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது அவரவர் வாசிக்க வேண்டிய வரி மட்டுமே. எல்லா வரிகளும் அடங்கிய முழுத்தாள் ஒரே ஒருவரிடம்தான். அவர்தான் கண்டக்டர்.

என் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தவள். பிறகு ஷில்லாங்கில் மேலை இசையில் பட்டம் வாங்கினாள். அவளுக்குப் பிடித்தது வயலின் இல்லாத, ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் மட்டுமே உள்ள குழு. அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஃபிரெடரிக் ஃபென்னல் என்பவர் 1952இல் இப்படி ஒரு குழுவைத் தொடங்கினார். பெரிய பேண்டில் ஒரே வரியைப் பத்துப் பேர் சேர்ந்து ஊதுவார்கள். இங்கே பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒருவர்தான். தப்பினால் ஒளிய இடமில்லை. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதற்கு ஒரு பட்டம், இந்த ஊதுகருவிக் குழுவை நடத்துவதற்குத் தனியாக ஒரு பட்டம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் அந்த முழுத்தாளை என்னிடம் காட்டினாள். ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேல் வரிகள். அதிலும் ஒரு சிக்கல். சாதாரண கிளாரினெட்டுக்கு 'ஸி' என்று எழுதியிருந்தால் காதில் கேட்பது பி ஃப்ளாட். ஹார்னுக்கு அதே 'ஸி' எழுதியிருந்தால் கேட்பது எஃப். இத்தனையையும் மனத்துக்குள் சரிசெய்து, யார் ஸ்வரம் பிசகியது என்று அந்த நிமிடமே கண்டுபிடிக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் சிக்னல் சர்க்யூட் வரைபடம் படித்த எனக்கு, இது விளையாட்டல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

"வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் கையை ஒருமுறை தூக்குவார்கள், அப்பா. எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் எல்லாம் அந்தத் தூக்கலிலேயே தெரிந்துவிட வேண்டும்" என்றாள். "அட, இது நம்ம டிஸ்டன்ட் சிக்னல்!" என்றேன். ஸ்டேஷனுக்கு வெகு முன்பே நின்று, அடுத்த சிக்னல் என்ன சொல்லப் போகிறது என்று டிரைவருக்கு அறிவிப்பது அது. அது தவறாகக் காட்டினால் பின்னால் எது சரியாக இருந்தும் பயனில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமாதானம்.

சரி, இது கடினமான வித்தைதான். ஆனால் கல்லூரியில் படித்து வருமா? டிப்ளமோ வாங்கி வேலைக்குச் சேர்ந்த எனக்கு, காகிதம் சிக்னலைத் தூக்காது என்பது முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. லைனில் நின்றால்தான் வேலை வரும். இந்தத் தொழிலில் 'லைன்' என்பது உயிருள்ள வாத்தியக் குழு. வீணை கற்பவர் வீட்டில் வீணையை வைத்துச் சாதகம் செய்யலாம். கண்டக்டருக்கு வாத்தியமே அந்த ஐம்பது பேர்தான். அவர்களை எந்த வீட்டில் வைத்துக்கொள்வது?

பம்பாயில் 1936இல் பிறந்த ஜுபின் மேத்தாவை எல்லோரும் அறிவோம். டாக்டர் படிப்பை விட்டுவிட்டு 1954இல் வியன்னா போய் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தவர். பெரிய கண்டக்டர்கள் ஒத்திகை நடத்துவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவரும் கூடப் படித்த கிளாடியோ அப்பாடோவும் ஒரு பாடகர் குழுவில் சேர்ந்தார்கள். பாட அல்ல, பார்க்க! 1958இல் லிவர்பூலில் நடந்த கண்டக்டர்கள் போட்டியில் மேத்தா முதல் பரிசு வாங்கினார். வகுப்பறையோடு அவர் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே என் கருத்து இதுதான். இந்தப் படிப்பு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. வாரத்துக்கு எத்தனை நிமிடம் நிஜமான குழுவின் முன்னால் நிற்க விடுவார்கள் என்று கேட்க வேண்டும். பெரிய பெயர் உள்ள கல்லூரியில் மற்றவர் நடத்துவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் போய்விடலாம். சிறிய ஊர்க் கல்லூரியில் வாரம் தவறாமல் மேடை கிடைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவருக்கு எழுதிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, பணம். மாஸ்டர்ஸ் பட்டம் பொதுவாக இரண்டு வருடம். ஒரு கல்லூரி ஒரு வருடத்தில் ஒருவரையோ இருவரையோ எடுப்பதும் உண்டு. அப்படி எடுப்பவர்களில் பலருக்குக் கட்டணத்தைக் குறைத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, பதிலுக்குக் கல்லூரி பேண்டுகளில் வேலை வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிக் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்து அனுப்பாதீர்கள். மாஸ்டர்ஸ் என்பது ஜங்ஷன்தானே தவிர டெர்மினஸ் அல்ல. அங்கே கல்லூரியில் நிரந்தர ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் டாக்டர் பட்டம் கேட்கிறார்கள். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் இடமோ விரல் விட்டு எண்ணக்கூடியது. என் மகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். "தெரியும் அப்பா" என்றாள்.

மூன்றாவதாக ஒன்று. இது நம் சங்கத்துக்கு.

விண்ணப்பத்தோடு, குழுவை நடத்தும் வீடியோ அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களைத்தான் நேரில் அழைப்பார்கள். சென்ற வருடம் ஒரு பள்ளி பேண்டைக் கெஞ்சிக் கூத்தாடி அரை மணி நேரம் வாங்கினாள். படம் பிடித்தவன் நான். எல்லாக் கச்சேரியையும் போல சபையில் உட்கார்ந்து பிடித்தேன். வாத்தியக்காரர்களின் இடத்தில் கேமராவை வைத்து, நடத்துபவரின் முகத்தையும் கைகளையும் பிடிக்க வேண்டுமாம். நான் அனுப்பி வைத்தது என் மகளின் முதுகையும் பின்னலையும்! எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேமரா தவறை நான் திருத்திவிடலாம். குழுவுக்கு எங்கே போவது? பிபரியா ஸ்டேஷனில் நான் வேலை பார்த்த காலத்தில், வாத்தியப் பெட்டிகளோடு ராணுவ இளைஞர்கள் இறங்கிப் பச்மடிக்கு வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். நம் ராணுவ பேண்டுகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. ஜனவரி 29ஆம் தேதி டெல்லியில் பேண்டுகள் வாசிப்பதை டி.வி.யில் பார்த்துப் பூரித்துப் போகிறோமே, அந்தப் பயிற்சி நம் மலையில் நடக்கிறது. ஆனால் ராணுவத்தில் சேராத ஒரு பெண் எங்கே போய் நிற்பாள்?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தபோது நாம் இனிப்பு வழங்கினோம். எழுதியவர் நம்மவர். மேடையில் குச்சி பிடித்தவர் மிக்கேல் டாம்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர். அதில் குறை ஒன்றும் இல்லை. அது அவர் கற்ற தொழில். நம் பிள்ளைகளில் ஒருவரும் அதைக் கற்கலாம் என்பதே என் ஆசை.

நம் சங்கக் கூடம் ஞாயிறு காலைகளில் பூட்டியே கிடக்கிறது. பள்ளி பேண்டில் புல்லாங்குழலோ, டிரம்பெட்டோ, டிரம்மோ வாசிக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன். தமிழ்ப் பிள்ளைகள்தான் என்றில்லை, பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வரட்டும். வாரம் இரண்டு மணி நேரம் கூடத்தைத் திறந்து விடுங்கள். மின்சாரச் செலவை நான் கட்டுகிறேன். பிள்ளைகளுக்குச் சேர்ந்து வாசிக்கும் பழக்கம் வரும். என் மகளுக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

அவள் அமெரிக்கா போவாளோ மாட்டாளோ, அது கல்லூரிகளின் கையில். கூடத்துச் சாவி நம் கையில்தானே இருக்கிறது? செயற்குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.