பெயரை எடுக்குமுன் கொள்முதல் பக்கத்தை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டு கே.எப்.சி.யும் வந்த பின்னர், பிரபலமான உணவுக் கம்பனியொன்றின் பெயரை எடுத்து நடத்தும் ஆசை எமது வியாபாரிகளுக்கும் உண்டு. முற்பணத்துக்கும் மாதப் பங்குக்கும் நன்றாகவே பேரம் பேசுகிறோம். சரக்கை யாரிடம் எடுக்க வேண்டும் என்ற பக்கத்தைத்தான் புரட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவின் குயிஸ்னோஸ் சாண்ட்விச் கம்பனி, தனது துணைக் கம்பனியிடமே சாமான் வாங்கும்படி கடைக்காரரைக் கட்டிப்போட்டது. விலை அநியாயம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. 2014 மார்ச்சில் கம்பனியே வங்குரோத்து மனுச் செய்தது.

தரத்துக்காக நிபந்தனை போடுவது நியாயந்தான். 2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ், தரக்குறைவைக் காரணம் காட்டி இலங்கை உரிமதாரருடனான ஒப்பந்தத்தை முறித்தபோது 12 கிளைகளும் மூடப்பட்டன. ஆனால் ஏ9 வீதியில் கூலர் லொறி பிந்தினால் அன்றைய வியாபாரத்தை இழப்பது நாங்கள். அன்றைக்கு உள்ளூரில் வாங்கலாமா? விலை கூட்ட எத்தனை நாள் முன்னறிவித்தல்? பழுதான சரக்கின் நட்டம் யாருக்கு? கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம் எமது. இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஹலால் விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உள்ளூர்ச் சந்தைக்குச் சான்றிதழ் வழங்குவதை ஜம்இய்யத்துல் உலமா 2013இல் நிறுத்தியது. 2014இலிருந்து அப்பணி எச்.ஏ.சி. எனும் தனி நிறுவனத்திடம். சப்ளையரை மாற்றும் உரிமை கம்பனிக்கு இருந்தால், சான்றிதழில்லாத இறைச்சியைத் திருப்பி அனுப்பும் உரிமை, அபராதமின்றி, எமக்கு வேண்டும். சான்றிதழை வாங்கினால் முதலில் காலாவதித் திகதியைப் பாருங்கள்.