அசல் பைலைக் காப்பி செய்தாயிற்றா?

குரல் திருத்தும் சாப்ட்வேரை முதன்முதலில் திறப்பவர்கள் டைமிங் ஸ்லைடரை நேரே 100 சதவீதத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். ஜெர்மனியின் செலமனி நிறுவனம் 2001-ல் அறிமுகப்படுத்திய மெலடைனில், பாடிய ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் ஒரு குமிழாகத் தெரியும். அதை மேலும் கீழும் நகர்த்தினால் சுருதி மாறும். பக்கவாட்டில் நகர்த்தினால் நேரம் மாறும்.

கீபோர்டு தாளத்துக்கு என் அத்தை பாடிய தாலாட்டு அது. அத்தை எப்போதும் தாளத்துக்கு ஒரு நூல் தள்ளித்தான் எடுப்பார். எல்லாவற்றையும் தாளத்தில் உட்கார வைத்தேன். சுத்தமாக இருந்தது, ஆனால் அத்தை பாடியது போல இல்லை.

பழையதற்கே திரும்பலாம் என்றால், கம்ப்யூட்டரை பார்மட் செய்தபோது ப்ராஜெக்ட் பைலை மட்டும்தான் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அதில் என் திருத்தங்கள் மட்டுமே இருந்தன. குரல் இருந்த வேவ் பைல் வேறு போல்டரில் இருந்து அழிந்துபோயிருந்தது. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் செய்கிற வேலையா இது!

ரெக்கார்டிங் முடிந்தவுடன் வேவ் பைலைத் தேதியோடு பெயரிட்டு வேறு டிரைவில் காப்பி செய்யுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்.பி.தான். ப்ராஜெக்டை இடம் மாற்றினால் ஆடியோ போல்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்லைடரைத் தொடாதீர்கள் என்பதே என் கட்சி. காதை உறுத்தும் இரண்டு மூன்று சொற்களைக் கையால் நகர்த்தினால் போதும்.

அத்தையை மறுபடி பாடச் சொல்லியிருக்கிறேன். சளி குறையட்டும் என்கிறார்.