முதலில் உலர்ந்த அறை, பிறகு மாத்திரை மெஷின்

போன மாதம் கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான் மாத்திரை கம்பெனியில் காலம் கழித்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எங்க சனங்க கடுக்காயைப் பொறுக்கி மூட்டையா வித்துடறாங்க ஐயா. நாங்களே திரிபலா மாத்திரை போட்டா நாலு காசு நிக்கும் இல்லீங்களா? என்ன மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டார்.

"மெஷின் கடைசி தம்பி. முதல்ல ஈரத்தைப் பத்திப் பேசுவோம்" என்றேன். அவர் முகம் சற்று வாடிவிட்டது. அன்று அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே எண்ணத்தில் மகளிர் குழுக்களும் சில இளைஞர்களும் இருப்பதாகக் கேள்வி.

நம் ஊர்க்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்புச் சீமை இது. ஐப்பசி மழையில் டப்பாவிலுள்ள சர்க்கரை அசையாமல் இருக்கும், பக்கத்துப் பானையில் வெல்லம் கசிந்து ஒழுகும். இரண்டும் ஒரே கரும்புதான். சர்க்கரை சுத்தம் செய்யப்பட்ட ஒரே பொருள். வெல்லத்தில் குளுக்கோஸ், பிரக்டோஸ், உப்புகள் என்று பலதும் கலந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. சமையல் உப்புக்கு அது சுமார் 75 சதவீத ஈரப்பதம். காற்றில் ஈரம் அதைத் தாண்டினால் உப்பு நீர்விட ஆரம்பிக்கும்.

மூலிகை மருந்தும் வெல்லத்தின் சாதிதான். காய்ந்த கடுக்காய்த் தோலை இடித்த பொடி ஓரளவு தாங்கும். அதையே நெல்லிக்காய், தான்றிக்காயோடு கொதிக்க வைத்து, சாற்றை வற்றவைத்துப் பொடியாக்கினால் அது பொல்லாதது. மழை நாளில் தட்டில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் கட்டியாகிக் கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு கார்த்திகை மாத இரவில் மின்சாரம் போய் ஏ.சி. நின்றுவிட்டது. மூலிகைச் சாற்றுக் குருணை வாய் சரியாகக் கட்டாத பையில் இருந்தது. காலையில் மெஷினில் போட்டால் மாத்திரையின் மேல்தோல் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, எழுத்து பாதிதான் விழுகிறது. நிறுத்தியிருக்க வேண்டும். சரக்கு அனுப்பும் அவசரத்தில், பஞ்சைத் துடைத்துத் துடைத்து ஓட்டுங்கள் என்று சொன்னவன் நான்தான். அன்றைய சோதனையில் தேறிவிட்டது. சில மாதங்களில் டப்பா டப்பாவாகத் திரும்பி வந்தது. மாத்திரைகள் ஊதி, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதற்குள் எத்தனை பேர் சாப்பிட்டார்களோ என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

பிறகு வந்த மூத்தவர் ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார். இப்படிப்பட்ட சரக்கைத் தண்ணீர் விட்டுப் பிசையக் கூடாது. பசைபோல் ஆகிவிடும். உலர்ந்த பொடியையே அழுத்திப் பெரிய வில்லையாக்கி, உடைத்துச் சலித்து, மறுபடி மாத்திரையாக அழுத்த வேண்டும். இல்லையென்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்டு குருணை செய்ய வேண்டும். ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் நுண்ணிய சிலிக்கா கொஞ்சம், ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் காய்ச்சியும் விடக் கூடாது. குருணையில் சிறிதும் ஈரமில்லாவிட்டால் மாத்திரை தொப்பி கழன்றாற்போல் மேல்பக்கம் பிளந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைக்காற்றின் ஈரத்தை 40 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். மிக மோசமான சரக்குக்கு 30. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தினால் மட்டும் இது நடக்காது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும், அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் சூரணத்துக்கு 3 மாதம், மாத்திரைக்கு 1 வருடம் என்று ஆயுள் வகுத்தவர்கள் இந்த ஈரத்தை அறிந்தவர்கள்தானே.

"சூரணமே போதுமே, மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் வயதில் துவர்ப்புப் பொடியைத் தொண்டையில் இறக்கிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். அளவு சரியாக இருக்கும், பயணத்துக்கு வசதி, விலையும் கூடக் கிடைக்கும். மலை மக்கள் மாத்திரை செய்யத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கிறது. இருந்தும் மூட்டைக்கு மேல் அவர்கள் கைக்கு எதுவும் தங்குவதில்லை. அதே கடுக்காய் சாராய ஊறலுக்கும் போகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மெத்தனால்தான், கடுக்காய் அல்ல. ஆனாலும் அந்தக் காய்க்கு ஒரு நல்ல வழி காட்டுவது நம் கடமை.

அந்த வழியின் வரிசைதான் தலைகீழாகப் போகிறது. கடனோ மானியமோ வந்தால் எல்லோரும் முதலில் மெஷினைப் பார்க்கிறார்கள். மெஷினுக்கு மாலை போட்டுப் படம் எடுக்கலாம். உலர்ந்த காற்றைப் படம் எடுக்க முடியாது.

என் யோசனை இது. மலையில் முதலில் வேண்டியது மண்ணில் படாமல் காயவைக்க மேடையும், பனிக்கும் திடீர் மழைக்கும் மேலே ஒரு கூரையும். பூசணம் பிடித்த காயை எந்த மெஷினும் மருந்தாக்காது. கொட்டை நீக்கித் தோலை மட்டும் எடுத்து, தரம் பிரித்து, காற்றுப் புகாத பையில் கட்டுவதை மலையிலேயே செய்யட்டும். அதிலேயே கூலிக்கு மேல் ஒரு பங்கு நிற்கும். மாத்திரை அழுத்துவதை, மருந்து உரிமம் பெற்ற ஒரு பொதுக்கூடத்தில், கீழே கள்ளக்குறிச்சியில் வைத்துக்கொள்ளலாம். 2019-இல் தனி மாவட்டம் ஆனோமே, நாலைந்து ஊர்க் குழுக்களுக்குப் பொதுவாக ஓர் உலர்ந்த அறை கேட்பது பெரிய ஆசையா? ஆளுக்கொரு மெஷின் வாங்கி ஆளுக்கொரு கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதைவிட அதற்குச் செலவு குறைவு. பிறகு அலுமினிய அட்டையிலோ, சிலிக்கா ஜெல் பை போட்ட டப்பாவிலோ அடைத்தால்தான் வேலை முடிந்தது. சாதாரண பிளாஸ்டிக் அட்டை ஈரத்தை முழுதாகத் தடுக்காது.

தம்பிக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். நூறு கிராம் கடுக்காய்ப் பொடியை அகலத் தட்டில் பரப்பி, மழை பெய்யும் இரவில் வீட்டுக்குள் திறந்து வைத்து, காலையில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். கூடிய எடை அத்தனையும் தண்ணீர். அந்தக் கணக்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். வந்தால் மெஷினைப் பற்றிப் பேசுவோம்.