கத்தியில் எஃகின் பெயர் எங்கே?

சிரம்பானிலோ பகாவிலோ கோலப்பிலாவிலோ இரும்புச் சாமான் கடைக்குப் போய்ப் பாராங் கேட்பவர் முதலில் பார்ப்பது முத்திரையைத்தான். கேள்விப்பட்ட பெயரா, மற்றவர்கள் வாங்குகிறார்களா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சமையல் கத்திக்கும் இதே கதிதான். ஜெர்மனி என்று எழுதியிருந்தால் நம்பிக்கை வருகிறது, ஜப்பான் என்றால் கூடுதல் மரியாதை வருகிறது, ஸ்பெயின் என்றால் கை தயங்குகிறது. இது என்ன எஃகு, எவ்வளவு கடினம் என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. பெயர் தெரியாத பட்டறையின் கத்தி மட்டமாகத்தான் இருக்கும் என்ற இந்த அனுமானம் வீட்டுக்கு வீண்செலவு. தோட்ட வேலை செய்பவருக்கோ உடம்பு வலி. ஒரு பெயர் நம் காதுக்கு எட்டியதற்கும் எட்டாமல் போனதற்கும் பழைய வணிகப் பாதைகளே பெரும்பாலும் காரணம். அதிலிருந்து எஃகின் தரத்தைக் கணிக்க முடியாது.

நெகிரி செம்பிலானில் இது சில்லறைப் பேச்சு இல்லை. லாபு, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கையில் இருந்த கருவி பால் வெட்டும் கத்தி. அந்த வேலையின் நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் கூர் என்பது என்ன விலை பெறும் என்று புரியும். ரப்பர் மரத்தின் பட்டையில் பால் குழாய்கள் நெருங்கிக் கிடப்பது உள்ளே, வளர்திசுவை ஒட்டி. வெட்டு ஆழமாக இறங்காவிட்டால் பால் குறையும். கொஞ்சம் மீறினால் வளர்திசுவில் காயம் படும். வெட்டுக்கும் வளர்திசுவுக்கும் நடுவே விட வேண்டிய பட்டை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். மேலே இடப்பக்கம் தொடங்கிக் கீழே வலப்பக்கமாக, சுமார் 30 பாகைச் சரிவில், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டை போகாதபடி சீவ வேண்டும். அதுவும் விடிவதற்கு முன்பே தொடங்கி, மரத்தில் பால் அழுத்தம் குறையாத நேரத்தில், ஒருவரே 500 மரங்களுக்கு மேல் முடிக்க வேண்டும். கத்தி மழுங்கினால் கை அழுத்தும். கை அழுத்தினால் ஆழத்தின் மேல் இருந்த பிடி போய்விடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக்கு வெட்டு திரும்பும்போது அங்கே கத்தி சீராக ஓடாது. 25, 30 ஆண்டுகள் பால் தரவேண்டிய மரத்தில் ஒரு மொக்கைக் கத்தி விட்டுப்போகும் தழும்பு அது. காயம் போட்ட மரத்தைக் கண்ட மண்டோர் வெட்டியவரைத்தான் ஏசினார். கையில் கொடுக்கப்பட்ட கத்தி எப்படிப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கத்தியின் வடிவமே நான் சொல்ல வந்ததற்குச் சான்று. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் அங்கே வகுத்துக் காட்டியவர் ஹென்றி ரிட்லி. மரமும் முறையும் ஒன்றே. ஆனால் மலாயாவில் ஜெபோங் கத்தி நிலைத்தது. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி-கோலெட்ஜ் கத்தி பேர் பெற்றது. கோட்டயத்துத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கருவியின் பெயரை ரந்தாவில் சொன்னால் விழிப்பார்கள். அதனால் அந்தக் கத்தி வெட்டாது என்றாகிவிடுமா? பாராங்கும் அப்படித்தான் வந்தது. 1874-இல் தொடங்கிய பர்மிங்காமின் ரால்ஃப் மார்ட்டின்டேல் நிறுவனத்தின் முதலை முத்திரை, பேரரசின் தோட்டங்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் போனது. நல்ல சரக்குதான், அதில் ஐயமில்லை. ஆனால் அது இங்கே வந்து சேர்ந்தது உலகத்துக் கத்திகளையெல்லாம் வைத்து யாரும் போட்டி நடத்தியதால் இல்லை. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற ஏஜென்சி நிறுவனங்கள் தோட்டத்துக்கு வேண்டியதைப் பிரிட்டனிலிருந்து தருவித்த காலம் அது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி மலேசியர் கைக்கு வந்தது. தோட்டத்தின் உடைமை மாறிவிட்டது. கடைத்தெருவின் பழக்கம் மட்டும் இன்னும் பழைய கப்பலிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்பெயின் கப்பல்கள் வேறு கடலில் போயின. அந்நாட்டின் பாஸ்க் பகுதியில் லெகாஸ்பி என்ற சிற்றூரில் பத்ரீசியோ எச்செவெரியா 1908-இல் தொடங்கிய பெயோட்டா நிறுவனம் மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும் செய்கிறது. லத்தீன் அமெரிக்காவின் வயல்களிலும் தோட்டங்களிலும் அந்தப் பெயரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே அது செய்வதும் இங்கே நம் பாராங் செய்வதும் ஒரே வேலை. சமையல் கத்திக்கு அல்பசெத்தே நகரம் இருக்கிறது. ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும் நேரத்தில், இடுப்புப் பட்டை முழுக்கக் கத்திகளைச் செருகிக்கொண்டு பயணிகளிடம் விற்றவர்களின் ஊர் அது. கத்தித் தொழிலுக்கென்றே நகராட்சி அருங்காட்சியகம் வைத்திருக்கும் ஊர். அங்குள்ள ஆர்கோஸ் நிறுவனம் தன் வரலாற்றை 1734-இலிருந்து கணக்கிடுகிறது. ஐரோப்பியச் சமையற்காரர்களுக்கு அது தெரிந்த பெயர். நம்மில் பலருக்கு இல்லை. அதைச் சுற்றி அவர்களுக்கே அதிகம் தெரியாத சிறு பட்டறைகளும் அந்த ஊரில் உண்டு.

இனி எஃகுக்கு வருவோம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்படும் வூஸ்ட்ஹோஃப் கத்தியின் அலகில் எஃகின் குறியீடு பொறித்திருக்கும்: எக்ஸ்50 சிஆர்எம்ஓவி15. ஏறத்தாழ அரை விழுக்காடு கரிமம், 15 விழுக்காடு குரோமியம், கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. எண்ணில் சொன்னால் 1.4116. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சமையல் கத்தியும் இந்த வகை எஃகுதான். அல்பசெத்தே பட்டறைகளில் இதே எஃகு அல்லது இதை ஒட்டியது புழங்குகிறது. ஆர்கோஸ் நைட்ரஜன் சேர்த்த ஒரு கலவையைப் பயன்படுத்துகிறது. ராக்வெல் கடின அளவில் இவையெல்லாம் 56-க்கும் 58-க்கும் அருகே நிற்பவை. ஐரோப்பியக் கடைகளில் ஆர்கோஸின் சாதாரண வரிசைக் கத்தி ஒன்றை, பேர்பெற்ற ஜெர்மன் கத்தியின் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கலாம். கூடுதல் விலைக்கு எதுவுமே கிடைப்பதில்லை என்று சொல்வது நியாயமில்லை. அடித்து உருவாக்கிய உடல், பிடியை ஒட்டிய தடித்த கழுத்து, மெருகு, ஒவ்வொரு கத்தியும் ஒரே சீராக இருக்கும் உறுதி எல்லாம் அங்கே உண்டு. அவை வேண்டும் என்பவர் காசு கொடுத்து வாங்கட்டும். ஆனால் தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வெட்டவும் தினமும் வெங்காயம் அரியவும் கத்தி தேடும் வீட்டில், வெட்டும் வேலையைச் செய்வது எஃகும் அது பெற்ற சூடும் விளிம்பின் மெலிவுமே.

பெயர் தெரியாததெல்லாம் நல்லதா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. பாசார் மாலாமில் தட்டில் பரப்பி விற்கும் பளபளப்பான கத்திகளில் பெரும்பாலானவை மென்மையான எஃகு. ஒரு வாரத்தில் விளிம்பு மடங்கிவிடும். தெரியாத பட்டறை என்பதே ஒரு தகுதி என்று நான் வாதிடவில்லை. தெரியாத நல்லதையும் தெரியாத கெட்டதையும் பிரித்துப் பார்க்க முத்திரை உதவாது என்பதே என் வாதம். முத்திரையை எவரும் அச்சடித்துவிடலாம். பிரித்துப் பார்க்கக் கண்ணும் கையும் உதவும். அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து முதுகோடு பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். பழைய அரத்தின் ஓரத்தைப் பாராங்கின் விளிம்பருகே மெல்ல இழுத்துப் பார்க்கலாம்: வழுக்கிக்கொண்டு போனால் மிகக் கடினம், வெண்ணெய் போலக் கடித்தால் தோய்ச்சல் சரியில்லை, கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடித்தால் வேலைக்கு ஏற்ற பதம். விளிம்பில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். மின்சாணையில் அவசரமாகத் தேய்த்துச் சூடேறியதற்கு அடையாளம் அது. கார்பன் எஃகில் அந்த நிறம் தோன்றுவது ஏறத்தாழ 300 செல்சியஸ் பாகைச் சூட்டில். அதற்குக் கீழே பதமாக்கிய விளிம்பு அங்கே தன் கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு பெரிய நிறுவனத்தின் கத்தியானாலும் அந்த நீலம் படிந்த இடம் இனிக் கூர் தாங்காது.

ஸ்பெயின்வரை போவானேன், உள்ளூர்க் கொல்லன் இல்லையா என்பது இன்னொரு கேள்வி. பாராங்கைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஜப்பானிய லாரிகளின் பட்டைவில்லில் பரவலாக உள்ள எஸ்.யு.பி. 9 எஃகில் அரை விழுக்காட்டுக்கு மேல் கரிமம் உண்டு. எண்ணெயில் ஒழுங்காகத் தோய்ச்சல் கொடுத்து, பிறகு இதமான சூட்டில் பதம் தளர்த்திய பட்டைவில் பாராங், கடையில் தொங்கும் பல முத்திரைகளைவிட உறுதியானது. கொல்லன் சூட்டை நிறம் பார்த்தே கணிக்கிறான், அதனால் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது என்பது உண்மை. விளிம்பு தெறித்தால் அவனிடமே கொண்டுபோய் மறுபடி தோய்ச்சல் கேட்கலாம் என்பதும் உண்மை. எந்தப் பெரிய நிறுவனம் அதைச் செய்யும்? ஆனால் மெல்லிய துருப்பிடிக்காத சமையல் கத்தி அவன் உலையில் ஆகும் காரியம் இல்லை. புளியும் எலுமிச்சையும் மீனும் புழங்கும் நம் அடுப்படிக்கு அது தேவைப்படுவதால்தான் வெளிநாட்டுப் பட்டறைகளின் பேச்சே வருகிறது. உள்ளூர்க் கொல்லனும் அல்பசெத்தேயின் சிறு பட்டறையும் ஒரே காரணத்தால்தான் நம் கண்ணில் படாமல் போகிறார்கள்: இருவருக்கும் விளம்பரம் இல்லை.

வெட்டுகிறவன் கை நன்றாயிருந்தால் எந்தக் கத்தியும் வெட்டும் என்பார் சிலர். கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் சுமையைத் தொழிலாளியின் தோளிலேயே இறக்கிவைக்கிறது. நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. இளமரத்தில் நீண்ட பிடி போட்ட உளியால் குலையைத் தள்ளுகிறார்கள். மரம் உயர்ந்துவிட்டால் அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைப் பூட்டி, தலையை அண்ணாந்து, மட்டையையும் குலைக்காம்பையும் இழுத்து அறுக்கிறார்கள். கூரான அரிவாள் ஓர் இழுப்பில் முடிக்கும் வேலையை மழுங்கிய அரிவாள் நாலைந்து இழுப்பில் முடிக்கும். அந்தக் கூடுதல் இழுப்பெல்லாம் கழுத்திலும் தோளிலும் முதுகிலும்தான் போய்ச் சேர்கிறது. குலை அறுப்பவர்களின் தசை வலி மலேசிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய சந்தாஸ் என்ற இயந்திர அரிவாள் குட்டை மரங்களுக்கு உதவுகிறது. உயர்ந்த மரத்துக்கு இன்னும் கழியும் அரிவாளும்தான். அங்கே நிற்பவர் இன்று தமிழராக இருக்கலாம், வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். எடைக்குக் கூலி வாங்கும் எவருக்கும் நல்ல எஃகு என்பது கூலிதான்.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு ஒன்றுண்டு. தனியொரு தொழிலாளியால், தனியொரு குடும்பத்தால் நாலு கத்தி வாங்கிச் சோதித்துப் பார்க்க முடியாது. தெரிந்த பெயரை வாங்குவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. இது முழுக்க நியாயம். அதனால்தான் இந்தச் சோதனையைத் தனிமனிதர் தலையில் கட்டக்கூடாது என்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிக் காட்டிய சமூகம் இது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்குச் சாட்சி. தோட்டமே வாங்க முடிந்தவர்களுக்குக் கத்தி வாங்குவது பெரிய காரியமா? ஒரு கூட்டுறவுச் சங்கமோ, சிறுதோட்டக்காரர்களின் குழுவோ, நாலைந்து பட்டறைகளிலிருந்து சில அரிவாள்களையும் பாராங்குகளையும் தருவித்து, ஒரு பருவம் வேலையில் விட்டுப் பார்த்து, எது எத்தனை நாள் கூர் தாங்கியது, எது தெறித்தது என்று எழுதி வெளியிடலாம். மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும்.

தனியாக வாங்குபவருக்கும் ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டின் 2011 வணிக விவரிப்புச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதைக் குற்றமாக்குகிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு உண்டு. விவரமே தராத கடைக்காரரிடம் இந்தச் சட்டங்களைக் காட்டி அதிகம் பேச முடியாது. ஆகவே விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: எஃகின் பெயர், கடினத்தின் அளவு, செய்யப்பட்ட நாடு, மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லும் கடைக்காரர் அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் கேட்பார். மொத்த வியாபாரி தருவிப்பவரிடம் கேட்பார். உள்நாட்டு வாணிப அமைச்சு இந்த மூன்று விவரத்தையும் கத்தியின் உறையிலேயே அச்சிடக் கட்டாயப்படுத்தினால் இன்னும் நல்லது. விலை ஏறிவிடும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். சோலிங்கன் நிறுவனம் அலகிலேயே பொறிக்கிறது, ஸ்பானியப் பட்டறைகள் பல தங்கள் விற்பனைப் பட்டியலில் வெளிப்படையாகவே போடுகின்றன. உறையில் ஒரு வரி கூடுதலாக அச்சிட ஆகும் செலவைக் கத்தி விலையில் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.