கதவைத் திறந்தது பயிற்சியாளரா?

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் பால் 'பேர்' பிரையன்ட் என்பது வெறும் பெயரல்ல, ஒரு வழிபாடு. 1958 முதல் 1982 வரை அங்கே அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். ஆறு தேசியப் பட்டங்கள். மைதானமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் அவர் அணிந்த கட்டம்போட்ட தொப்பியை ரசிகர்கள் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறார்கள்.

அந்த ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. 1970 செப்டம்பர் 12. பர்மிங்ஹாமில் வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமா அணியை, கறுப்பின வீரர்கள் முன்நின்ற தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக அணி 42-21 என்று வீழ்த்தியது. சாம் கன்னிங்ஹாம் என்ற இளைஞர் 135 கெஜம் ஓடினார். அதைப் பார்த்து அலபாமா மனம் மாறியதாம். பிரையன்ட் அணியின் கதவைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிட்டாராம். மார்ட்டின் லூதர் கிங்கால் முடியாததை ஒரே மாலையில் கன்னிங்ஹாம் முடித்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு.

கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் தேதிகள் ஒத்துழைக்கவில்லை.

1967இலேயே டாக் ரோன், ஆண்ட்ரூ பெர்னெல் உள்ளிட்ட ஐந்து கறுப்பின மாணவர்கள், யாரும் அழைக்காமல், தாங்களாகவே போய் அணியின் பயிற்சியில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அணிக்காக ஆடும் வாய்ப்பு வரவில்லை. 1969இல் கறுப்பின மாணவர் அமைப்பு நீதிமன்றம் போனது. கறுப்பின வீரர்களைத் தேடிச் சேர்க்கவில்லை என்று பிரையன்ட் மீதே வழக்கு. வாதாடிய யு.டபிள்யூ. கிளெமன் பின்னாளில் அலபாமாவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதியானார். அந்த ஆண்டின் இறுதியில் வில்பர் ஜாக்சனுக்கு உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. புகழ்பெற்ற அந்த ஆட்டத்துக்கு முன்பே அவர் அலபாமா மாணவர். முதலாண்டு மாணவர்கள் ஆட அன்றைய விதி இடம் தராததால்தான் அவர் களத்தில் இல்லை.

பிரையன்ட்டின் 25 பருவங்களில் முதல் 13, கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடாத பருவங்கள். ஆறு பட்டங்களில் மூன்று அந்தக் காலத்தில் வந்தவை.

"ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் மாநிலத்தில் அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்?" என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1963இல் கறுப்பின மாணவர்களைத் தடுக்கப் பல்கலைக்கழக வாசலிலேயே போய் நின்றவர் வாலஸ். பிரையன்ட் வாலஸ் அல்ல. 1970 ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அதே போட்டித் தொகுதியில் கென்டக்கி 1967இலேயே கறுப்பின வீரரைக் களமிறக்கிவிட்டது. மாநிலத்தில் ஆளுநருக்கு நிகரான செல்வாக்குள்ள மனிதருக்குக் காலம் கனியவில்லை என்றால், பயிற்சிக்குத் தனியே நடந்துபோன அந்த ஐந்து மாணவர்களுக்கு மட்டும் எப்படிக் கனிந்தது?

"காலம் கனியவில்லை" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வாங்கர் பாலூ. தலித் என்பதால் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து அணியைவிட்டு விலகினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். அதை யாருடைய பெருந்தன்மை என்று எழுதுவது?

ஒடுக்கப்பட்டவர் ஓடி ஜெயித்துக் காட்டினால் ஆதிக்கம் தானாக மனம் திருந்தும் என்பதே அந்த 42-21 கதையின் உள்ளர்த்தம். 135 கெஜம் ஓட முடியாத சாதாரண மாணவருக்கு அந்தக் கதையில் இடமில்லை. உரிமையைத் திறமைக்கான பரிசாக மாற்றிவிடுகிறது அது. நன்றியை எதிர்பார்ப்பவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

பிரையன்ட்டின் வெற்றிகளை ரசிகர்கள் கொண்டாடட்டும்; அதில் நமக்குச் சண்டையில்லை. நம் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் "இவர்தான் கதவைத் திறந்தார்" என்று யாராவது சொன்னால், தோழர்களே, நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அதற்கு முன் அந்தக் கதவைத் தட்டியவர்கள் யார்? மனு கொடுத்தவர்கள் யார்? அவர்கள் பெயர்களை முதலில் எழுதுவோம்.