வலிக்கிறது என்று பெண் சொன்னால் நம்புங்கள்!

பையன் விளையாடிக் காலை உடைத்துக்கொண்டு வந்தால், "மறுபடி எப்ப கிரவுண்டுக்குப் போகலாம் டாக்டர்?" என்று கேட்கிறோம். பெண் பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாலோ, "நடை சாயுமா டாக்டர்? நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணுமே!" என்கிறோம். எங்கள் வீடு கோரிமேட்டில் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று எங்கிருந்து ஜிப்மருக்கு வந்தாலும், சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கி ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் ஓ.பி. சீட்டு வாங்கப் போவார்கள். அதனால் இந்த இரண்டு விதப் பேச்சையும் நிறையவே கேட்டிருக்கிறேன்.

இப்போது பெண் பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள், கால்பந்து ஆடுகிறார்கள், போலீஸ் வேலைக்காக ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பழகுகிறார்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் முட்டியில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அம்மாக்களாகிய நாம் தெரிந்துகொண்டோமா?

முட்டிக்கு உள்ளே பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஜவ்வுகள் குறுக்கே ஓடுகின்றன. முன்னால் இருப்பதை டாக்டர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். சுண்டு விரல் பருமன்தான் இருக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது முட்டி திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதுதான். வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது, குதித்து இறங்கும்போது, ஊன்றிய காலிலேயே உடம்பைத் திருப்பும்போது அது அறுந்து போகும். யாரும் இடிக்கக்கூட வேண்டியதில்லை. ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு, மூன்று மடங்காவது அதிகம் வருகிறதாம்.

என் அக்கா மகளுக்கு இப்படித்தான் ஆனது. பிளஸ் ஒன் படிக்கும்போது கபடி மேட்சில் ஏறிப்போய்த் திரும்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாம். சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. வீட்டுப் பெரியவர்கள், "சுளுக்குதான், நீவி விட்டா சரியாப் போயிடும்" என்று எண்ணெய் போட்டு உருவிக் கட்டுப்போட வைத்தார்கள். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது!

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்தாள். அங்கேதான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள். "படி இறங்கும்போது முட்டி நழுவுற மாதிரி இருக்கு சித்தி" என்று போனில் என்னிடம் அழுதாள். வீட்டில் சொன்னால், "பரீட்சைக்குப் படிக்கப் பயந்து நடிக்கிறா" என்று பேச்சு. "நடிக்கிறாளோ இல்லையோ, முதல்ல இங்க கூட்டிக்கிட்டு வாக்கா" என்று நான்தான் பிடிவாதமாக வரவழைத்தேன். எலும்பு டாக்டர் அவளைப் படுக்க வைத்து, கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்த மாத்திரத்திலேயே சந்தேகப்பட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உறுதியானது. ஜவ்வு அறுந்திருந்தது மட்டுமில்லை. ஆறு மாதமாக முட்டி நழுவி நழுவி, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அவள் சொன்னதை முதல் மாதமே நம்பியிருந்தால் அந்த மெத்தையாவது தப்பித்திருக்கும். அது கெட்டால் சின்ன வயசிலேயே மூட்டுத் தேய்மானம் வர வாய்ப்பு அதிகமாம்.

ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில்லை. ஓடியாடும் வேலை இல்லாதவர்கள், முட்டி நழுவாதவர்கள் பலர் தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியிலேயே சமாளித்து விடுகிறார்கள். ஆனால் தொடர்ந்து விளையாட நினைக்கிற பெண்ணுக்கும், அடிக்கடி முட்டி நழுவுகிறவளுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன்தான் சொல்வார்கள். அறுந்ததைத் தைத்து ஒட்டுவது இல்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்தோ அவளுடைய சொந்த நாரையே கொஞ்சம் எடுத்து, எலும்பில் துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். சிறு துளை வழியாக பென்சில் மாதிரி கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்தபடியே செய்வதால் பெரிய தழும்பும் இல்லை. தழும்புக்குப் பயந்து தள்ளிப்போடும் அம்மாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் பிள்ளை சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். 2022 நவம்பரில் சென்னையில் நடந்ததை யாராலும் மறக்க முடியுமா? வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை, ராணி மேரி கல்லூரி மாணவி. ஜவ்வு கிழிந்ததற்காக கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டாள். அதன் பிறகு போட்ட இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று அமைச்சரே சொன்னார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலையே எடுத்தும், நவம்பர் 15-ஆம் தேதி அந்தக் குழந்தை போய்விட்டது. இரண்டு டாக்டர்களை சஸ்பெண்டு செய்தார்கள். என்ன செய்து என்ன, பெற்றவள் வயிறு ஆறுமா?

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தவில்லை. இது எங்கும் தினமும் நடக்கிற ஆபரேஷன், பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் கட்டுப்போட்ட காலில் வலி மாத்திரை கொடுத்தும் அடங்காமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்துப்போனால், சில்லென்று ஆனால், வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால், விரலை அசைக்க முடியாவிட்டால், கெண்டைக்கால் வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நர்சைக் கூப்பிடுங்கள். வரவில்லையென்றால் டாக்டரைத் தேடிப் போங்கள். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோம்மா" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இருப்பதுதான் நீண்ட பாடு. புது நார் எலும்போடு பிடித்துப் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மறுபடி விளையாட ஒன்பது மாதமாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை தினமும் பயிற்சி செய்ய வேண்டும். முட்டியை நீட்டுவது, மடக்குவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். பையன் என்றால், "எக்சர்சைஸ் பண்ணுப்பா" என்று ஜூஸ் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பெண் நாலு அடி நடந்துவிட்டால், "அந்தப் பாத்திரத்தைக் கழுவிடு, தண்ணிக் குடத்தைத் தூக்கிடு" என்கிறோம்! இல்லையென்றால், "விளையாடினது போதும், மூலையில உட்காரு" என்கிறோம். இரண்டுமே தப்பு. என் அக்கா இதற்காகக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஒதுக்கி வைத்தாள். மகளின் தொடைச் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்து, காலண்டரில் குறித்து வைப்பாள். இப்போது அவள் படி இறங்கும்போது யாரும் பின்னால் போக வேண்டியதில்லை.

'காலில் ஆபரேஷன் செய்த பெண்' என்றால் வாழ்க்கையே போச்சு என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி பிசகி ஸ்ட்ரெச்சரில் போனார். 2018-ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். அதே வருஷம் கல்யாணமும் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் இன்னொரு முட்டியில் ஏ.சி.எல். ஆபரேஷன். சரியாக ஒரு வருஷத்தில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டி வரை போனார். எடை 100 கிராம் கூடியதால் பதக்கம் தவறியது என்பது வேறு விஷயம். முட்டி அவரைக் கைவிடவில்லையே!

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கோரிக்கை. இந்தக் காயங்களைக் குறைக்கவென்றே உலகக் கால்பந்து சம்மேளனம் 20 நிமிஷப் பயிற்சி முறை ஒன்றை வகுத்திருக்கிறது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் மடக்கி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகள்தான். கருவி எதுவும் வேண்டாம். மெடல் வாங்கிக் கொடுக்கிற பெண்களுக்கு இந்த 20 நிமிஷத்தைக் கொடுக்கக் கூடாதா?

சகோதரிகளே, மாதவிலக்கு வலியானாலும் முட்டி வலியானாலும், பொறுத்துக்கொள் என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். அந்தப் பாடத்தை நம் மகள்களுக்கும் சொல்லித்தர வேண்டாம். முட்டி வீங்கினால் உருவி விடாதீர்கள். ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், "நழுவுதும்மா" என்று அவள் சொன்னால் மறுபடியும் கூட்டிப் போங்கள். அவள் கால் அவளுக்குத்தான் தெரியும்.

- ஒரு குடும்பத் தலைவி, கோரிமேடு, புதுச்சேரி-6.