கடன் வாங்கிய எண் உங்கள் கணினிக்குப் பொருந்தாது

மேசைக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்துடன் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், செயலியை ஒரு கடையிலும் தாய்ப்பலகையை இன்னொரு கடையிலும் விலை விசாரித்து வாங்குவது தனி மகிழ்ச்சி. கணினி ஓடத் தொடங்கிய சில நாள்களிலேயே அடுத்த ஆசை வந்துவிடும். இதை இன்னும் வேகமாக ஓட்ட முடியாதா?

முடியும். தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். பெற்றோருக்கு இது ஆபத்தாகத் தோன்றுகிறது. சில நண்பர்கள் வீண்வேலை என்கிறார்கள். இரண்டு கருத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதில் தவறில்லை. காணொளியில் யாரோ காட்டிய எண்களை அப்படியே பயாஸில் தட்டிவிட்டு விளையாடப் போவதுதான் தவறு. அளந்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இது நல்ல பாடம். அந்தப் பொறுமை இல்லாதவர் செயலியைத் தொடாமல் இருப்பதே மேல்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். பெரும்பாலான கணினிகளில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 45 என்றால் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 46 ஆக்கினால் 4.6. கணக்கு இவ்வளவுதான். ஆனால், வேகம் கூடக்கூட ஒவ்வொரு கணக்கையும் முடிக்கச் செயலிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஓர் எல்லைக்கு மேல் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால்தான் அது பிழையில்லாமல் ஓடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஆசை நம் தலைமுறையில் பிறந்ததல்ல. 1998ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ செயலியின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. தாய்ப்பலகையில் அடிப்படைக் கடிகாரத்தை 66லிருந்து 100க்கு மாற்றியவர்களுக்கு 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. மலிவான செயலியில் 50 விழுக்காடு கூடுதல் வேகம்! ஓவர்கிளாக்கிங்கின் புகழ் பெரிதும் அந்தக் காலத்தில் உருவானது.

இன்று நிலைமை வேறு. இக்காலச் செயலிகள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கவனித்துத் தங்கள் வேகத்தைத் தாங்களே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. முன்பு நாம் தேடி எடுத்த வேகத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சில விழுக்காடுதான். ஆதாயம் சிறியது என்றால், அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

இரவல் எண் ஏன் பொருந்தாது?

ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு செயலிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலிக்கான் தகட்டில் உருவாகும்போதே நுண்ணிய வேறுபாடுகள் வந்துவிடுகின்றன. காணொளியில் ஒருவருடைய செயலி 1.25 வோல்ட்டில் அமைதியாக ஓடும் வேகத்தில் உங்களுடையது தடுமாறலாம்.

அடுத்தது நம் வெயில். காற்றால் குளிரவைக்கும் எந்த விசிறியும் செயலியை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. தண்ணீர்க் குழாய் வைத்த குளிர்விப்பானுக்கும் இதே விதிதான். 20 டிகிரி அறையில் ஒருவருடைய செயலி 75 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே செயலி, அதே குளிர்விப்பான், 32 டிகிரி அறையில் ஏறத்தாழ 87 டிகிரியைத் தொடும். குளிர்நாட்டில் எடுத்த காணொளியின் எண்ணை, பிற்பகல் வெயில் அடிக்கும் வீவக படுக்கையறையில் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும்.

வெப்பத்தைவிட அதிகம் அஞ்ச வேண்டியது மின்னழுத்தத்துக்கு. செயலி இயங்கும்போது செலவாகும் மின்சாரம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸை 4.7 ஆக்க, 1.20 வோல்ட்டை 1.30க்கு உயர்த்துகிறோம் என்று கொள்ளுங்கள். வேகம் கூடியது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மின்செலவு கூடியதோ ஏறத்தாழ 23 விழுக்காடு. அத்தனையும் வெப்பமாகவே வெளியேற வேண்டும்.

மின்னழுத்தம் விளையாட்டுப் பொருளல்ல என்பதற்கு அண்மைய ஆண்டுகளில் சான்று உண்டு. 2023ல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போன பிறகு, அவற்றின் ஒரு பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி தாய்ப்பலகைகளில் வரம்பு வைக்கப்பட்டது. 2024ல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் எழுந்த கோளாற்றுக்கும் அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. தேர்ந்த பொறியாளர்களே இவ்வளவு கவனமாக நடக்க வேண்டிய இடம் இது. நாமாக மின்னழுத்தத்தைக் கூட்டி ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொதுவாகக் கைகொடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

சத்தமில்லாத பிழை

“சூடானால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகென்ன பயம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாதுகாப்பு உண்மையானதுதான். ஆனால், அது வெப்பத்துக்கான பாதுகாப்பு. தவறான கணக்கிலிருந்து அது நம்மைக் காப்பாற்றாது.

நிலையற்ற செயலி எப்போதும் நீலத்திரை காட்டி நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். நின்றுவிட்டால் நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். சில வேளைகளில் அது நிற்காமல் தவறான விடையை எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். சுருக்கிவைத்த கோப்பு ஒரு வாரம் கழித்துத் திறக்க மறுக்கும். ஆய்வுத் திட்டத்துக்காக இரவு முழுதும் ஓடிய கணக்கில் ஓர் எண் மாறியிருக்கும். பல வீடுகளில் ஒரே மேசைக் கணினியைத்தான் அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் விளையாட்டில் கூடும் நாலைந்து காட்சிச் சட்டங்களுக்காகத் தங்கையின் கட்டுரையைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

அளந்து செய்வது எப்படி?

தொடங்கும் முன் சில கேள்விகள். உங்கள் செயலி இதை அனுமதிக்கிறதா? இன்டெல்லில் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்து உள்ள செயலியும் ‘இசட்’ வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன. ஆனால், 2022ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்றவை பூட்டப்பட்டவை. ‘ஏ’ வரிசைத் தாய்ப்பலகைகளும் இதற்கு இடம் தருவதில்லை. அதோடு, உங்கள் விளையாட்டைத் தாமதப்படுத்துவது செயலிதானா, வரைகலை அட்டையா என்றும் பாருங்கள். அட்டைதான் தடை என்றால் செயலியை முடுக்கிப் பயனில்லை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எதையும் மாற்றாத நிலையில் அறையின் வெப்பம், சும்மா இருக்கும்போதும் முழுப் பளுவிலும் செயலியின் வெப்பம், மின்னழுத்தம், சினிபெஞ்ச் மதிப்பெண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். முக்கியக் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கணினி எழும்பாமல் போனால் பயாஸ் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று தாய்ப்பலகைக் கையேட்டில் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

இனி மின்னழுத்தத்தைத் தொடாமல் பெருக்கியை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். சோதியுங்கள். எழுதுங்கள். மீண்டும் ஒரு படி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ரேம் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தடுமாற்றம் தெரிந்தால் ஒரு படி இறங்குங்கள். பலருக்கும் அங்கேயே நிறுத்துவது போதும். மின்னழுத்தத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 0.01, 0.02 வோல்ட் அளவில் நகருங்கள். வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பை முதலிலேயே எழுதிவைத்து, அதைத் தாண்டாதீர்கள். என் வரம்பு 85 டிகிரி.

சோதனைக்குப் பிரைம்95 போன்ற மென்பொருள் உதவும். பெரிய பகா எண்களைத் தேட உருவான மென்பொருள் அது. விடை தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வரும் விடையோடு ஒப்பிடும். அதனால் சத்தமில்லாத பிழையும் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வெற்றி என்று சொல்லாதீர்கள். சில மணி நேரம் ஓடட்டும். அதுவும் குளிர்சாதனம் போட்ட இரவில் வேண்டாம், நல்ல வெயில் நேரத்தில் சோதியுங்கள். பிற்பகலில் தாக்குப்பிடிக்காத வேகம் உங்களுடைய வேகமே அல்ல.

எதிர்த் திசையிலும் ஒரு வழி இருக்கிறது. வேகத்தை அப்படியே விட்டு, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். 1.20லிருந்து 1.15 வோல்ட்டுக்கு இறக்கினாலே மின்செலவு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. வெப்பம் தணிந்தால், அதன் காரணமாகத் தடைபட்டிருந்த செயலி தானாகவே கூடுதல் வேகத்தில் ஓடவும் வாய்ப்புண்டு. விசிறிச் சத்தமும் குறையும். இதற்கும் அதே நீண்ட சோதனை தேவை, ஏனெனில் மின்னழுத்தம் போதாமல் போனாலும் பிழை வரும். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலான மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழத்தை அளக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, அளவைக் குறி, மீண்டும் செய் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது நமக்குச் சலிப்பாக இருக்கும். அதே ஒழுங்கு நம் சொந்தப் பணத்தில் வாங்கிய செயலியின் மீது வரும்போது அதன் அருமை புரிகிறது. சில விழுக்காடு வேகத்தைவிட அது நீண்ட நாள் நம்மோடு இருக்கும்.

அடுத்த முறை ஒரு நண்பர் “என் கணினி 5.2ல் ஓடுகிறது” என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வோல்ட்? அறையில் எத்தனை டிகிரி? எத்தனை மணி நேரம் சோதித்தாய்? மூன்றுக்கும் விடை சொன்னால் அவருடைய எண்ணை அங்கேயே விட்டுவிடுங்கள், அவர் அளந்த முறையை மட்டும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.